கருமுட்டை கொடுக்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை: திருப்பூரிலிருந்து ஓர் அனுபவம்

நான் கருமுட்டை கொடுத்தது என் கணவருக்கும் அம்மாவுக்கும் கூட வேலை பார்க்கும் இரண்டு தோழிகளுக்கும்தான் முதலில் தெரியும். அந்தத் தோழிகள் வழியாக இன்னும் சிலர் காதுக்குப் போய், இப்போது அவ்வப்போது யாராவது போன் பண்ணுகிறார்கள். "அக்கா, ரொம்ப வலிக்குங்களா?" என்பது முதல் கேள்வி. "எவ்வளவு தருவாங்க?" என்பது அடுத்தது. இரண்டுக்கும் தெரிந்ததைச் சொல்லிவிட்டு நான் ஒன்று கேட்பேன்: "கொடுத்துட்டு வந்தப்புறம் உனக்கு ஏதாவது ஆச்சுன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு யாருக்குப் போன் பண்ணுவே?" இதுவரை ஒருவரும் சட்டென்று பதில் சொன்னதில்லை.

நான் எழுத வந்ததே அந்தக் கேள்விக்காகத்தான். குழந்தைப்பேறு மையத்துக்குள் போனால் டாக்டர், சிஸ்டர், ரிசப்ஷனில் இருப்பவர், அழைத்துவரும் ஏஜென்ட் எல்லோருடைய கவனமும் குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதி மேல்தான் இருக்கும். பணம் கட்டுவது அவர்கள். வருடக்கணக்கில் ஏங்கியிருப்பதும் அவர்கள். டோனர், அதாவது முட்டை கொடுப்பவள், நடுவில் வந்து போகிறவள். ஆனால் பத்து நாளுக்கு மேல் ஊசி ஏறுவதும், மயக்க மருந்து ஏறுவதும், சினைப்பைக்குள் ஊசி நுழைவதும் டோனர் உடம்பில். ஆகவே நீங்களும் அங்கே ஒரு நோயாளிதான். நோயாளிக்கு உள்ள எல்லா உரிமையோடும் கேள்வி கேட்க வேண்டும், எல்லாக் காகிதத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். உங்களுக்காக இதைச் செய்யும் ஆள் அங்கே தனியாக யாரும் இல்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். ஒரு பெண் குழந்தை. என் சித்திக்குக் குழந்தை இல்லை. சொந்தத்தில் யாருக்கு வளைகாப்பு நடந்தாலும், வளையல் போடும் வரிசையில் சித்தி முறை வரும் நேரம் பார்த்து யாராவது அவரைச் சமையல்கட்டுக்கு எதையாவது எடுத்துவர அனுப்பிவிடுவார்கள். போனவர் திரும்பி வரமாட்டார், பாத்திரம் கழுவ உட்கார்ந்துவிடுவார். சின்ன வயதிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தேன். சித்திக்கு 35 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுவிட்டது. அவரைப் போல சினைப்பை சீக்கிரம் ஓய்ந்துபோனவர்கள், புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தவர்கள், மரபணு நோய் பிள்ளைக்கும் போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் வேறொரு பெண்ணின் முட்டை கிடைத்தால் தங்கள் கருப்பையிலேயே சுமந்து பெற முடியும். சித்தி காலத்தில் அது எங்களுக்கு எட்டாக்கனி. எனக்கு அது ஒரு காரணம். வீட்டில் பணமுடையும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் பணத்தேவையோடு வரும் பெண் வாயைத் திறக்கக் கூடாது என்ற எண்ணம் அந்த இடங்களில் இருக்கிறது. அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் 2021-இல் நிறைவேறி, 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி கருமுட்டை கொடுக்கும் பெண்ணுக்கு 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் கொடுக்கலாம். ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒருவரின் முட்டையை ஒரு தம்பதிக்கு மேல் தரக் கூடாது. பதிவு பெற்ற கருமுட்டை வங்கி மூலமாகத்தான் டோனர் வர வேண்டும். பெயர், முகவரி, ஆதார் எண் எல்லாம் அங்கே பதிவாகும். முட்டையை விற்பதும், டோனர் பிடிக்க இடைத்தரகரை வைத்துக்கொள்வதும் குற்றம். முதல் தடவை பிடிபட்டால் 5 லட்சம் முதல் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் 3 முதல் 8 வருடம் வரை சிறை, கூடவே 10 முதல் 20 லட்சம் வரை அபராதம்.

இத்தனை இருந்தும் புரோக்கர்கள் போய்விடவில்லை. எங்கள் பக்கம் லைன் வீடுகளில், வாரச் சம்பளம் வாங்கும் பெண்களுக்கு நடுவில், நன்றாகப் பழகிய அக்கா ஒருவர்தான் பெரும்பாலும் புரோக்கராக இருப்பார். முன்பு தானே கொடுத்தவராகவும் இருப்பார். "பத்து நாள் ஊசி, அரைமணி நேர வேலை, சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம்" என்பார். ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்றால், "அதுக்கென்ன, வேற ஆதார் ரெடி பண்ணிக்கலாம்" என்பார். அந்த வார்த்தை காதில் விழுந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். வேறு பெயரில் கொடுத்தால், டோனருக்காகத் தம்பதி எடுத்துத் தரும் காப்பீடும் அந்த வேறு பெயரில்தான் இருக்கும். நாளைக்கு ரத்தக்கசிவு வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அந்தப் பாலிசி உங்களுக்குச் செல்லாது. நீங்கள் அங்கே போனதற்கே அத்தாட்சி இருக்காது.

2022-இல் ஈரோட்டில் வெளிவந்த சம்பவம் இதைப் படிக்கும் பலருக்கு நினைவிருக்கும். 16 வயதுப் பெண். 12 வயதிலிருந்து எட்டு முறை அவளிடமிருந்து முட்டை எடுத்திருக்கிறார்கள். பெற்ற தாய், தாயோடு இருந்த ஆள், பெண் புரோக்கர் என்று கைதானார்கள். வயதைக் கூட்டிக் காட்டப் போலி ஆதார். ஈரோடு, பெருந்துறை, சேலம், ஓசூர் என்று தொடங்கிய விசாரணை கேரளம், ஆந்திரம் வரை நீண்டது. ஸ்கேன் பார்த்தவர்கள், ஊசி போட்டவர்கள், மயக்க மருந்து கொடுத்தவர்கள் என்று எத்தனை படித்தவர்கள் கையைத் தாண்டி அந்தக் குழந்தை போயிருப்பாள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது. அவளுக்காக ஒரு கேள்வி கேட்க அந்த அறைகளில் ஒருவர்கூட இல்லை.

நான் போன இடம் கோயம்புத்தூரில். உள்ளே நுழைந்ததும் வங்கியின் பதிவு எண்ணையும், முட்டை எடுக்கப்போகும் மருத்துவமனையின் பதிவு எண்ணையும் கேட்டேன். இரண்டும் தனித்தனி நிறுவனங்கள், இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு. சுவரில் சான்றிதழ் மாட்டியிருந்தால் பெயரும் தேதியும் படித்துப் பாருங்கள். "எதுக்குங்க அதெல்லாம்?" என்று கேட்டால் அந்த இடம் வேண்டாம்.

அடுத்தது படிவம். உயரம், எடை, நிறம், முடி, படிப்பு, ரத்த வகை என்று கேட்டிருந்தது. எழுதினேன். பக்கத்தில் இருந்த பெண்மணி மெதுவாக, "நீங்க என்ன ஆளுங்க?" என்றார். படிவத்தில் அந்தக் கட்டம் இல்லையே என்றேன். விட்டுவிட்டார்.

படிவத்தில் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டது குடும்ப நோய் வரலாற்றுப் பக்கத்தில்தான். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று டிக் அடித்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். என் அப்பாவுக்கு நாற்பதைத் தொடுவதற்குள் சர்க்கரை வந்துவிட்டது. பெரியம்மா தாய்மாமனைக் கட்டியவர், அவர் மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எல்லாவற்றையும் எழுதினேன். டாக்டர் அதைப் படித்துவிட்டு இன்னும் சில கேள்விகள் கேட்டார். எனக்கும் கணவருக்கும் சொந்தமா, எங்கள் வழியில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்றெல்லாம். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் நம் குடும்பங்களில் இந்தப் பக்கத்தை மறைப்பது பெரிய தவறு. பிறக்கப்போகும் பிள்ளைக்கு நம்மிடமிருந்து போய்ச் சேரும் ஒரே செய்தி அதுதான். பின்னாளில் அந்தத் தாய் ஒரு டாக்டர் முன்னால் உட்காரும்போது அவர் கையில் இருப்பது நாம் எழுதிக்கொடுத்த அந்த ஒரு பக்கம்.

பிறகு ரத்தப் பரிசோதனைகள். எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ் ஆகியவற்றை அவசியம் பார்ப்பார்கள். ரத்த வகை, தைராய்டு, தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய் உண்டா என்றும் பார்த்தார்கள். எனக்கு ஹீமோகுளோபின் குறைவாக இருந்ததால் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, ஏறிய பிறகுதான் ஊசி என்று தள்ளிவைத்தார்கள். அவசரப்படுத்தாமல் தள்ளிவைத்த அந்த டாக்டர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அங்கேதான். ரிப்போர்ட் எல்லாவற்றிலும் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ரத்தம், உங்கள் ரிப்போர்ட்.

ஏஎம்எச் என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. சினைப்பையில் முட்டை இருப்பு எவ்வளவு, ஊசிக்கு எத்தனை வளரும் என்று கணிக்க அது உதவும். என்னோடு அன்றைக்கு வந்திருந்த ஒரு பெண்ணுக்கு அது குறைவாக இருந்தது. "உங்களுக்கு முட்டை கம்மி, நீங்க போலாம்" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள். இன்னும் குழந்தை பெறாத பெண். முகம் வெளுத்துவிட்டது. பஸ் ஸ்டாப் வரை அழுதுகொண்டே வந்தாள். ஏஎம்எச் குறைவு என்றால் ஊசி போட்டாலும் நிறைய முட்டை வளராது என்றுதான் பொருள். இயற்கையாகக் கருத்தரிக்கவே முடியாது என்று அந்த எண் சொல்வதில்லை. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். டோனராக எடுத்துக்கொள்ளாத பெண்ணுக்கு அந்த ஒரு நிமிடத்தை ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்களை வேண்டாம் என்று சொன்னால், ஏன் என்று கேட்டு, அது உங்கள் எதிர்காலத்துக்கு என்ன சொல்கிறது என்பதையும் கேட்டுவிட்டுத்தான் வெளியே வர வேண்டும்.

ஏஎம்எச் மிக அதிகமாக இருந்தாலும், பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருந்தாலும் வேறொரு கவனம் தேவை. ஊசிக்குச் சினைப்பை அளவுக்கு மீறி வீங்கும் ஆபத்து அவர்களுக்குத்தான் கூடுதல்.

ஊசி பெரும்பாலும் மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் தொடங்கும். தொப்புளுக்குக் கீழே, கொஞ்சம் தள்ளி, தோலுக்கடியில் மெல்லிய ஊசி. தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். எனக்குக் கொடுத்ததை ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னார்கள், ஆனால் ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒரு டப்பாவில் வைத்திருந்தேன். மாமியார் பார்த்துவிட்டு, "என்ன ஊசி கண்ணு இது?" என்றார். சத்து ஊசி என்றேன். போடும் இடத்தை வலது பக்கம் ஒருநாள், இடது பக்கம் ஒருநாள் என்று மாற்றிக்கொண்டேன், இல்லாவிட்டால் கன்றிப்போகும். வலி என்று பெரிதாக இல்லை. ஆனால் கடைசி நாட்களில் அடிவயிறு கனத்துவிட்டது. சுடிதார் பேண்ட்டின் நாடாவைத் தளர்த்திக் கட்ட வேண்டியிருந்தது. குனிந்து குடம் தூக்க முடியாது, தூக்கவும் கூடாது. வீங்கிய சினைப்பை தன் காம்பிலேயே முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதனால் ஓட்டம், குதிப்பு, பாரம் தூக்குவது எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். தாம்பத்தியமும் வேண்டாம் என்பார்கள். வெட்கப்பட்டு அதைக் காதில் வாங்காமல் விடாதீர்கள். எடுக்கும்போது தப்பிய முட்டை ஒன்றிரண்டு உள்ளே இருந்து நீங்களே கருத்தரித்தால், அந்தக் கர்ப்பத்தின் ஹார்மோன் சினைப்பை வீக்கத்தை மிக மோசமாக்கிவிடும்.

நடுநடுவே உள்வழி ஸ்கேன். திரையில் கருப்புக் கருப்பாக வட்டங்கள் தெரியும். டாக்டர் ஒவ்வொன்றையும் அளந்து சொல்ல, சிஸ்டர் எழுதுவார்: "வலது, பதினாறு, பதினாலரை. இடது, பதினெட்டு." மில்லிமீட்டர் கணக்கு. ஒவ்வொரு வட்டமும் முட்டை வளரும் நீர்ப்பை. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், ஏனென்றால் ஏழு என்ற எண் என் மனதில் இருந்தது.

ஏழு என்ற அந்த எண்ணைப் பற்றிக் கட்டாயம் பேசியாக வேண்டும். நம் சினைப்பைக்கு ஏழு வந்ததும் நிறுத்தத் தெரியாது. ஊசியின் அளவு கூடினால் பத்துக்கு மேலும் வளரும். ஐவிஎஃப் (சோதனைக் குழாய்க் குழந்தை) டாக்டர்கள் பலர் இந்த வரம்பு போதாது என்று பேசி வருகிறார்கள். எல்லா முட்டையும் கருவாகாது, எல்லாக் கருவும் ஒட்டாது, குறைந்த முட்டையில் அந்தத் தம்பதிக்கு வாய்ப்பும் குறைவு என்பது அவர்கள் வாதம். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் டோனர் பக்கம் நின்று பார்த்தால் அந்த எண்தான் நமக்கு வேலி. அது இருப்பதால், "டாக்டர், ஏழுதான் எடுக்கலாம்னா எனக்கு ஏன் இவ்வளவு டோஸ்?" என்று கேட்க முடிகிறது. அதிகம் வளர்க்க வளர்க்க உடம்புக்கு ஆபத்தும் கூடும். நான் கேட்டேன். டாக்டர் கோபப்படவில்லை. என் வயதையும் ஏஎம்எச் அளவையும் காட்டி விளக்கினார்.

இன்னொரு கேள்வி இதைவிட முக்கியம்: கடைசி ஊசி எது? முட்டை முதிர்ந்து எடுக்கும் பக்குவத்துக்கு வர ஒரு ஊசி போடுவார்கள், ட்ரிகர் என்பார்கள். அதில் பரவலாக உள்ளவை இரண்டு வகை. எச்சிஜி என்பது உடம்பில் பல நாள் தங்கி வேலை செய்யும், சினைப்பை வீக்கத்தையும் நீடிக்க வைக்கும். மற்றது ஜிஎன்ஆர்எச் அகோனிஸ்ட் வகை. லூப்ரோலைட், ட்ரிப்டோரெலின் என்ற பெயர்களில் வரும். அது சீக்கிரம் அடங்கிவிடும், வீக்க ஆபத்தை வெகுவாகக் குறைக்கும். டோனர் தானே கர்ப்பமாகப் போவதில்லை என்பதால் அவளுக்கு இரண்டாவது வகையைப் போடுவதில் பெரும்பாலும் தடை இருக்காது. இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொண்டு ஊசி தொடங்கும் முன்பே கேளுங்கள்.

ட்ரிகர் போட்டதிலிருந்து ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டை எடுப்பார்கள். இரவு பத்து மணிக்கு ஊசி என்றால் ஒருநாள் விட்டு மறுநாள் காலை பத்துக்கு ஆபரேஷன் தியேட்டர். முந்தின இரவிலிருந்து சாப்பிடக் கூடாது. நகை, வளையல், கொலுசு எல்லாம் கழற்றி வைக்க வேண்டும். கையில் ஊசி ஏற்றித் தூங்க வைத்துவிடுவார்கள். பெண்ணுறுப்பு வழியாக ஸ்கேன் கருவியோடு சேர்ந்த நீள ஊசியை விட்டு ஒவ்வொரு நீர்ப்பையிலிருந்தும் நீரை உறிஞ்சுவார்கள், அதோடு முட்டை வரும். கால்மணி, இருபது நிமிடம். வயிற்றில் வெட்டு, தையல் எதுவும் இல்லை. விழித்தபோது எனக்கு மாதவிடாய் முதல் நாள் வலி போல இருந்தது. கொஞ்சம் ரத்தக்கசிவு. வலிக்கு மருந்து கொடுத்தார்கள், அடங்கியது. எத்தனை எடுத்தீர்கள் என்று கேட்டேன். ஆறு என்றார்கள்.

இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது, கிளம்பலாம் என்றார்கள். பஸ்ஸில் திருப்பூர் வரை போக வேண்டும், தலை இன்னும் சுற்றுகிறது என்றேன். வெளியே உட்காரச் சொன்னார்கள். கட்டில் வேண்டும் என்றேன். கொடுத்தார்கள். மயக்க மருந்து எடுத்த அன்று தனியாகப் பஸ் ஏறக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும். என் கணவர் கூட இருந்தார்.

டிஸ்சார்ஜ் சம்மரி கேட்டபோதுதான் நிஜமான தகராறு. கவுன்ட்டரில் இருந்த பெண், "டோனருக்கு அதெல்லாம் தர்றதில்லீங்க. அது அவங்க ஃபைல்ல இருக்கும்" என்றார். எனக்குத் தம்பதியின் பெயர் வேண்டாம், அவர்களைப் பற்றி ஒரு எழுத்தும் வேண்டாம். எனக்கு என்ன மருந்து, எந்த அளவு, எந்த ட்ரிகர், என்ன மயக்க மருந்து, எத்தனை எடுத்தீர்கள், அடுத்து எப்போது வர வேண்டும், அவசரத்துக்கு எந்த எண், இவை மட்டும் எழுதிக் கையெழுத்தோடு வேண்டும் என்றேன். பின்னால் வரிசை நின்றது. என் கணவர் மெல்ல, "விடும்மா, போலாம்" என்றார். நான் நகரவில்லை. கடைசியில் டாக்டரே வெளியே வந்து ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். இத்தனைக்கும் ஐந்து நிமிட வேலை.

அந்தக் காகிதம் ஏன் வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த இன்னொரு பெண்ணின் கதை போதும். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் கொடுத்தவர். இரண்டு நாளில் வயிறு உப்பி, வாந்தி. ஊரில் இருந்த டாக்டரிடம் மாமியாரோடு போனார். மாமியார் பக்கத்தில் இருந்ததால் ஊசி போட்டுக்கொண்டதைச் சொல்ல முடியவில்லை. டாக்டர் கேஸ் ட்ரபிள் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் கோவைக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றில் நீர் கோத்திருந்தது. பிழைத்துக்கொண்டார். சினைப்பை மிகையாகத் தூண்டப்படும்போது ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் சேரும். லேசான உப்பல் பலருக்கும் வரும், மாதவிடாய் வந்ததும் வடிந்துவிடும். கடுமையாவது அரிது. ஆனால் வந்தால் வேகமாக வரும்.

ஆகவே எடுத்த நாளிலிருந்து தினமும் காலையில் எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால், சிறுநீர் குறைந்தால், நிற்காத வாந்தி, மூச்சுத் திணறல், கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, காய்ச்சல், ஒரு நாப்கினை ஒரு மணி நேரத்தில் நனைக்கும் ரத்தப்போக்கு, இவற்றில் எது இருந்தாலும் விடியும் வரை காத்திருக்காதீர்கள். ஒரு பக்க அடிவயிற்றில் திடீரென்று சுருட்டிப் பிடிக்கும் வலியோடு வாந்தி என்றால் சினைப்பை முறுக்கியிருக்கலாம். அதற்கு மணிக்கணக்குதான் அவகாசம். 108-ஐக் கூப்பிட்டு, வருகிறவர்களிடம் "கருமுட்டை எடுக்க ஊசி போட்டிருக்கேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்ல முடியாத சூழ்நிலை என்றால் அந்தக் காகிதத்தை நீட்டுங்கள். வீட்டில் குறைந்தது ஒருவருக்காவது முழு உண்மை தெரிந்திருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதும் இதனால்தான். ஊருக்குச் சொல்ல வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒருவருக்குச் சொல்லுங்கள்.

காப்பீடு. சட்டப்படி தம்பதி தங்கள் செலவில் டோனருக்கு 12 மாதத்துக்குக் காப்பீடு எடுத்துத் தர வேண்டும். முட்டை எடுப்பதால் வரும் சிக்கல்களின் செலவு முழுவதையும் தாங்கும் அளவுக்கு அது இருக்க வேண்டும். "எடுத்தாச்சுங்க" என்று வாயால் சொன்னால் போதாது. முதல் ஊசிக்கு முன்பே பாலிசி நகல் கைக்கு வர வேண்டும். பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தெந்த ஆஸ்பத்திரியில் செல்லும், எந்த எண்ணுக்குப் போன் பண்ண வேண்டும், பாருங்கள். எனக்கு முதலில் கொடுத்ததில் இனிஷியல் தப்பாக இருந்தது. கணக்கு எழுதும் வேலையில் இருப்பதால் கண்ணில் பட்டது. திருத்தி வாங்கிய பிறகுதான் ஊசி போட்டுக்கொண்டேன்.

பணத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் தொகை சொல்வதில்லை. முட்டைக்கு விலை பேசுவது குற்றம், இத்தனை முட்டைக்கு இத்தனை என்று யாராவது பேசினால் அந்த இடம் சரியில்லை. எனக்குப் போக்குவரத்துக்கும் வேலைக்குப் போகாத நாட்களுக்கும் என்று எழுதி, என் வங்கிக் கணக்கிலேயே போட்டார்கள். ஏஜென்ட் கைக்குப் போய்த் திரும்பி வரும் பணத்தில் பாதி வழியிலேயே நின்றுவிடும் என்பதை எங்கள் லைன் வீட்டுப் பெண்கள் பலர் பட்டுத் தெரிந்திருக்கிறார்கள். நடுவில் நிறுத்த நேர்ந்தால், ஊசிக்குச் சினைப்பை சரியாக வளராவிட்டால், அதுவரை ஆன செலவு யாருடையது என்பதையும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். வீட்டு வாடகையை, சீட்டுப் பணத்தை இந்தப் பணத்தை நம்பி வைக்காதீர்கள். அப்படி வைத்தவர்களால் உடம்பு சரியில்லாதபோதுகூட வேண்டாம் என்று சொல்ல முடிவதில்லை.

"முட்டை எல்லாம் தீர்ந்துடாதா, நாளைக்கு எனக்கே குழந்தை வேணும்னா?" என்று கேட்கிறார்கள். பிறக்கும்போதே ஒரு பெண் குழந்தைக்கு 10 முதல் 20 லட்சம் முட்டைகள் இருக்கும், வயதுக்கு வரும்போது 3, 4 லட்சமாகக் குறைந்துவிடும். ஒவ்வொரு மாதமும் ஒரு கூட்டம் வளரத் தொடங்கி, ஒன்று முதிர்ந்து மற்றவை அழிந்துபோகின்றன. ஊசி செய்வது அந்த மாதம் அழிய இருந்தவற்றையும் வளர்ப்பது. அடுத்த மாதத்துப் பங்கை அது தொடுவதில்லை. ஆனால் "பக்க விளைவே கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2010-இல் மும்பையில் 17 வயதுப் பெண்ணும், 2014-இல் தில்லியில் 23 வயதுப் பெண்ணும் கருமுட்டை கொடுத்த பிறகு இறந்துபோனார்கள். ஐவிஎஃப் செய்துகொண்ட பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வுகளில் மார்பகப் புற்றுநோயோடு உறுதியான தொடர்பு தெரியவில்லை. டோனர்களை மட்டும் பத்து, இருபது வருடம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் உலகம் முழுக்கவே குறைவு. கொடுத்துவிட்டுப் போன பெண் எப்படி இருக்கிறாள் என்று யாரும் தேடிப் போய்ப் பார்ப்பதில்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

என் அம்மாவின் கவலை வேறு. "நம்ம ரத்தம் எங்கியோ வளருமே கண்ணு. அது நல்லா இருக்குதா, சாப்பிட்டுதான்னுகூட நமக்குத் தெரியாதே" என்றார். நான் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சட்டப்படி அந்தக் குழந்தை அந்தத் தம்பதியின் குழந்தை. எனக்கு உரிமையும் இல்லை, கடமையும் இல்லை. அவர்கள் யாரென்று எனக்குச் சொல்லமாட்டார்கள், நான் யாரென்று அவர்களுக்கும் சொல்லமாட்டார்கள். ஆனால் இந்த மறைப்பு என்றென்றைக்கும் நிற்கும் என்று எண்ணிக் கையெழுத்துப் போடாதீர்கள். இங்கிலாந்தில் 2005 ஏப்ரலுக்குப் பிறகு பதிவு செய்த டோனர் யாரென்பதை 18 வயதான பிள்ளை கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எச்சிலைக் குழாயில் போட்டு அனுப்பினால் சொந்தத்தைச் சொல்லிவிடும் டிஎன்ஏ பரிசோதனை இன்று விலைக்குக் கிடைக்கிறது. இருபது வருடம் கழித்து ஒரு பெண்ணோ பையனோ உங்கள் முன்னால் வந்து நின்றால் முகம் கொடுத்துப் பேச முடியுமா என்று இப்போதே யோசியுங்கள். என்னால் முடியும் என்று தோன்றிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். முறை தெரியாமல் என் மகளுக்கே மாப்பிள்ளையாக வந்துவிட்டால் என்ன செய்வது என்றும் அம்மா கேட்டார். ஒரு டோனர் ஒரு தம்பதிக்குத்தான் என்று சட்டம் வைத்திருப்பது அந்தப் பயத்தைப் பெருமளவு குறைக்கிறது. அதே பெண் மூன்று ஊரில் மூன்று பெயரில் கொடுத்தால் அந்தக் காவல் போய்விடுகிறது.

எடுத்து இரண்டு வாரத்துக்குள் எனக்கு மாதவிடாய் வந்தது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அதன் பிறகு ஒரு ஸ்கேன் பார்த்துச் சினைப்பை பழைய அளவுக்கு வந்துவிட்டதா என்று உறுதி செய்துகொண்டேன். அதற்கு அவர்களாகக் கூப்பிடவில்லை. நானே போன் பண்ணித் தேதி வாங்கினேன். நீங்களும் முதலிலேயே அந்த ஸ்கேனையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் எந்தப் பெண் மருத்துவரிடம் போனாலும் அந்த ஒரு பக்கக் காகிதத்தைக் காட்டுங்கள்.

போன மாதம் போன் பண்ணிய பெண்ணுக்கு 21 வயது. சட்டப்படி இன்னும் இரண்டு வருடம் ஆக வேண்டும் என்றேன். "ஏஜென்ட் பார்த்துக்கறேன்னு சொல்றாங்க்கா" என்றாள். அந்த எண்ணை முதலில் பிளாக் பண்ணு என்றேன். பண்ணிவிட்டதாக மறுநாள் மெசேஜ் வந்தது. வீட்டில் யாராவது கட்டாயப்படுத்தினால் பெண்கள் உதவி எண் 181. உங்களுக்குத் தெரிந்து 18 வயது ஆகாத பெண் யாரையாவது இதற்கு அழைத்துப் போகிறார்கள் என்றால் 1098-க்குப் போன் பண்ணுங்கள். சந்தேகம்தான் என்றாலும் பண்ணுங்கள்.